மறுபக்கத்துப் பொதி

எங்கள் பழைய ராணுவப் பிரிவில் இப்போது பணியில் இருக்கும் ஒரு தம்பி போன மாதம் தொலைபேசியில் அழைத்தான். மலைமேல் சாமான் கொண்டுபோக இனிமேல் ட்ரோன் வருகிறதாம்; கோவேறு கழுதைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்களாம். “அண்ணா, உங்க காலத்துல எப்படிப் பொதி ஏத்துனீங்கன்னு எழுதிக் குடுங்க. நம்ம முன்னாள் படைவீரர் மலர்ல போட்டுடலாம். வருங்காலத் தலைமுறைக்கு உபயோகமா இருக்கும்” என்றான். வருங்காலத் தலைமுறை ட்ரோன் ஓட்டப்போகிறது, அதற்குக் கழுதையின் வயிற்றுவாரை இறுக்கத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டேன். “போர் அனுபவம்னு தலைப்பு வெச்சுக்கலாங்ண்ணா, எல்லாரும் படிப்பாங்க” என்றான்.

போர் அனுபவம் என்றால் எனக்கு இரண்டு உண்டு. ஒன்று மலையில் நடந்தது. இன்னொன்று இந்த வருடம் நாமக்கல் பரமத்தி ரோட்டில் என் மகள் படிக்கும் பள்ளியில் நடந்தது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். மலர்க்குழு வேண்டாததை வெட்டிக்கொள்ளலாம்.

நான் சேந்தமங்கலத்துக்காரன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஆள் எடுப்பில் ஓடினேன், எடுத்துக்கொண்டார்கள். துப்பாக்கி கிடைக்கும் என்று போனவனுக்குக் கையில் கயிற்றைக் கொடுத்தார்கள். துப்பாக்கியும் பிறகு கொடுத்தார்கள், ஆனால் கயிறுதான் நிலைத்தது. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சாணி அள்ளினேன், குளம்பு பார்த்தேன், இந்தி கற்றேன். கற்ற வரிசையும் அதுதான்.

கோவேறு கழுதைக்குப் பொதி ஏற்றுவது தனி ஆள் வேலை அல்ல. முதலில் தண்ணீர் காட்ட வேண்டும், பிறகு தீனி. முதுகைத் தடவிப் பார்த்து, புண்ணோ வீக்கமோ இல்லை என்று தெரிந்த பிறகுதான் கம்பளம். கம்பளத்தில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது. கீழே சுருக்கமாக இருப்பது மேலே போய்ச் சேரும்போது புண்ணாகியிருக்கும். அதன்மேல் சேணம். வயிற்றுவாரை இறுக்கும்போது கழுதை மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பிக்கொள்ளும். இறுக்கிவிட்டோம் என்று நாம் நம்பிய பிறகு மெதுவாக மூச்சை விடும். வார் தொளதொளவென்று தொங்கும். ஆகவே கொஞ்சம் நடக்கவிட்டு, அது மறந்திருக்கும் நேரம் பார்த்து, மறுபடி இறுக்க வேண்டும். வெளியாட்கள் இதைத் திருட்டுத்தனம் என்பார்கள். எங்கள் பிரிவில் சீனியாரிட்டி என்போம்.

அதன் பிறகு பொதி. இரண்டு ஆட்கள், இரண்டு பக்கமும், ஒரே மூச்சில் தூக்கி ஒரே நேரத்தில் மாட்ட வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் சேணம் உருளும். ஒரு பக்கம் கனத்தால் பாதி வழியில் கழுதை பள்ளத்துப் பக்கம் சாயும், அதற்கு மேல் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு பக்கமும் ஒரே எடை. எங்கள் வேலையின் சட்டப் புத்தகம் மொத்தமும் இதுதான்.

அந்தச் சட்டத்தின் காவலர் சுபேதார் நேகி; எங்களுக்கு ‘நேகி சாப்’. இமயமலைப் பக்கத்துக்காரர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கழுதைகளிடம் “வாருங்கள், இப்படி நில்லுங்கள்” என்று இந்தியில் மரியாதையாகப் பேசுவார். எங்களிடம் அந்த மரியாதை கிடையாது. ஒருமுறை கேட்டதற்கு, “அது பொதி சுமக்கிறது. நீ என்ன சுமக்கிறாய்?” என்றார். புறப்படும் முன் ஒவ்வொரு கழுதையாக வருவார். இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை, பொதியின் அடியில் கையைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு லேசாகத் தூக்கிப் பார்ப்பார். சரியாக இருந்தால் “பராபர்” என்பார், சமம் என்று. சரியில்லையென்றால் ஒன்றுமே சொல்லாமல் அடுத்த கழுதைக்குப் போய்விடுவார். நாங்கள் எல்லாவற்றையும் இறக்கி மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் கழுதைக்குக் குளம்பில் எண் உண்டு, பெயர் கிடையாது. நான் ‘சாமி’ என்று கூப்பிட்டேன். எங்கள் பக்கம் பிள்ளையையும் பெரியவரையும் அப்படித்தான் கூப்பிடுவோம். கழுதையை மட்டும் விட்டுவைப்பானேன்? வடக்கத்திக்காரர்கள் நான் அதைக் கும்பிடுகிறேன் என்று முடிவு செய்து ‘சுவாமிஜி’ ஆக்கிவிட்டார்கள்.

கார்கில் போர் வந்தபோது நானும் சாமியும் தண்ணீர், மண்ணெண்ணெய், ரொட்டி, தோட்டாப் பெட்டிகள் சுமந்து மேலே போனோம். இறங்கும்போது காலி கேன்களோடு வந்தோம். சில நாட்கள் காலியாக வரவில்லை. நான் யாரையும் சுடவில்லை. என்னைத் தனியாக யாரும் குறிபார்த்ததாகவும் தெரியவில்லை. குண்டுகள் எல்லோருக்கும் பொதுவாக விழுந்தன.

ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்து நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீசில் மேற்பார்வையாளனாகச் சேர்ந்தேன். லாரியிலும் பாரம் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்பதால் புதிதாகக் கற்க ஒன்றும் இருக்கவில்லை. மகள் நிவேதாவை ஆறாம் வகுப்பில் அந்தப் பள்ளியில் சேர்க்கப் போனபோதுதான் என் இரண்டாவது ராணுவ வாழ்க்கை தொடங்கியது.

பள்ளியின் தாளாளர் கோழிப்பண்ணையிலிருந்து கல்விக்கு வந்தவர். நல்ல மனிதர். விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றே விட்டார்.

“ஏனுங்க, போருக்குப் போனவருங்களா நீங்க?”

“போனேனுங்க. கோவேறு கழுதைப் பிரிவுல இருந்தேன்.”

“சும்மா சொல்லாதீங்க.”

“நெசமாத்தானுங்க. தண்ணி, ரொட்டி கொண்டுட்டுப் போவோம்.”

“பாத்தீங்களா,” என்று பக்கத்தில் இருந்த கணக்காளரிடம் திரும்பினார், “வீரனுக்கு இந்த அடக்கம் இருக்கோணும்.”

அந்த வருடம் பள்ளியின் கார்கில் வெற்றி நாள் விழாவில் நான் சிறப்பு விருந்தினர். மேடையில் இருந்த மலை முட்டை அட்டைகளை அடுக்கி ஒட்டிக் காவி பூசியது. சொந்தப் பண்ணை என்பதால் அட்டைக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகள் மரத் துப்பாக்கியோடு அதன்மேல் ஏறினார்கள். எதிரி வேடத்துக்கு யாரும் முன்வராததால் மதிப்பெண் குறைந்தவர்களை எதிரியாக்கியிருந்தார்கள். செத்து விழுந்த எதிரிகள் கொசுக்கடி தாங்காமல் படுத்தபடி சொறிந்துகொண்டார்கள். பேச அழைத்தபோது நான் கழுதைகளைப் பற்றிப் பேசினேன். பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு ஒரு பையன் எழுந்து, “நீங்க எத்தன பேரச் சுட்டீங்க சார்?” என்றான். யாரையும் இல்லை என்றேன். தமிழாசிரியர் ஒலிவாங்கியை வாங்கி, “அய்யா எண்ணிக்கையைச் சொல்ல விரும்பவில்லை” என்றார். கைத்தட்டல்.

ஒவ்வொரு வருடமும் நான் அதே கழுதையைத்தான் சொன்னேன். பள்ளி என்னை வருடத்துக்கு ஒரு படி உயர்த்தியது. முதல் ஃபிளெக்ஸில் ‘போர்க்களம் கண்டவர்’. அடுத்ததில் ‘எல்லைச் சிங்கம்’. அதற்கடுத்ததில் என் தலையை வெட்டி வேறு யாரோ ஒருவரின் உடம்பில் ஒட்டியிருந்தார்கள். கையில் எந்திரத் துப்பாக்கி, எனக்கு எந்த வயதிலும் இல்லாத இடுப்பு. என் மனைவி கவிதா அதன் முன்னால் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, “ஆளு நல்லாத்தான் இருக்கறாரு. இவர ஊட்டுக்குக் கூட்டிட்டு வாங்க, நீங்க இங்கியே இருந்துக்குங்க” என்றாள்.

நாங்கள் சிரித்தோம். அந்த ஃபிளெக்ஸைப் பார்த்து வளர்ந்தவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனிக்கவில்லை.

நிவேதாவுக்கு நல்ல குரல். எட்டாம் வகுப்பிலேயே பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கத் தொடங்கினாள். தலைப்பு எதுவாக இருந்தாலும் மூன்றாவது நிமிடத்தில் பனிமலை வந்துவிடும். மரம் வளர்ப்போம் என்று தொடங்கினாலும் போரில்தான் முடிப்பாள். நான் பார்க்காத சண்டைகளை எல்லாம் அவள் பார்த்த மாதிரி சொன்னாள். போர் நடந்தபோது பிறந்தே இராத பிள்ளைகளுக்கு அது என்னைவிட நன்றாக நினைவிருந்தது. “அப்படி எல்லாம் நடக்கலியே சாமி” என்று ஒருமுறை சொன்னேன். “நீங்க கீழ நின்னிருப்பீங்கப்பா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது” என்றாள். ஒரு வகையில் அது சரிதான்.

அவளோடு ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் ஷபானா. லாரி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் தைக்கும் காதர் பாயின் மகள். கடைக்குப் பின்னாலேயே வீடு. எங்கள் ஆபீஸ் லாரிகளுக்குத் தார்ப்பாய் அவரிடம்தான். நிவேதாவின் பேச்சுக்களைத் தமிழ்ப்பிழை இல்லாமல் திருத்திக் கொடுப்பவளும் ஷபானாதான். தமிழில் பள்ளியில் அவளே முதல். பனிமலையில் பாதி அவள் கட்டியது.

இந்த வருடம் இருவரும் பிளஸ் டூ. பள்ளி திறந்த சமயம் எல்லையில் பதற்றம் என்று செய்தி சேனல்கள் அலறிக்கொண்டிருந்தன. தாளாளர் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ‘வீர நிமிடம்’ என்று ஒன்றைத் தொடங்கினார். அந்த நிமிடத்துக்கு நிவேதாவே பேச்சாளர். வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகுவாள். பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

ஒரு மத்தியானம் கிழிந்த தார்ப்பாய் ஒன்றைக் கொடுக்கக் காதர் பாய் கடைக்குப் போனேன். எப்போதும் டீ சொல்கிறவர், அன்று ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருந்தார்.

“உங்க பாப்பா நல்லாப் பேசுதுங்க சார்” என்றார்.

“ஷபானாவும் நல்லா எழுதுதுல்ல.”

“ஆமாங்க. நல்லா முழங்கவும் செய்யறா.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “உங்களுக்குத் தெரியாதுங்களா?”

அப்போதுதான் சொன்னார். முந்தைய வாரம் வீர நிமிடத்தில் நிவேதா பேசி முடிக்கும்போது, “இந்த மண்ணில் யார்மீதும் யாருக்கும் சந்தேகம் இல்லை என்று காட்ட, என் தோழி ஷபானா மேடைக்கு வந்து முதலில் முழக்கமிடுவாள்” என்று அறிவித்திருக்கிறாள். ஷபானா போயிருக்கிறாள். நாட்டை வாழ்த்தி மூன்று முறை முழங்கியிருக்கிறாள். எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள். யாரும் திட்டவில்லை, யாரும் சிரிக்கவில்லை. தாளாளர் அவளுக்குப் பேனா பரிசளித்திருக்கிறார்.

“ஊட்டுக்கு வந்து, குரல் போச்சுங்கறா. மறுநாள்ல இருந்து பள்ளிக்கோடம் போகல. டாக்டர்கிட்ட காட்டுனேன், தொண்டைல ஒண்ணுமில்லங்கறாரு.” தார்ப்பாயை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். “எங்க பாட்டன் காலத்துல இருந்து இந்த ஊருதானுங்க. இத்தன நாளு எங்கள ஆரும் மொதல்ல முழங்கச் சொன்னதில்ல. கும்பலோட கும்பலாத்தான் முழங்குவோம். திங்கக்கெழம டி.சி. வாங்கிக்கலாம்னு பாக்கறேன். ராசிபுரத்துல தங்கச்சி ஊட்டுல விட்டுப் படிக்க வெச்சுக்கறேன்.”

வகுப்பு தொடங்கிய பிறகு பிளஸ் டூ பிள்ளையை மாற்றினால் படிப்பு என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். “விழா முடியட்டுங்க பாய், கொஞ்சம் பொறுங்க” என்றேன். ஏன் விழாவைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. மலைப்பாதையில் குண்டு விழுந்தபோதுகூட நான் வழி தவறியதில்லை. அன்று டி.வி.எஸ். வண்டியை ஆபீஸைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போய்விட்டேன்.

வீட்டில் நிவேதாவைக் கேட்டேன். அவள் தயங்கக்கூட இல்லை.

“அவள யாரும் தப்பா நெனைக்கக் கூடாதுன்னுதாம்ப்பா கூப்பிட்டேன். கிளாஸ்ல ரெண்டு பசங்க ஒரு மாதிரி பேசுனாங்க. நான் அவளுக்கு நல்லதுதான் செஞ்சேன்.”

“அவ கேட்டாளா?”

“நல்லது செய்யக் கேட்டுட்டா செய்வாங்க? நீங்க கேட்டுட்டா நாட்டக் காப்பாத்துனீங்க?”

அவள் குரலில் பொய் இல்லை. திட்டியிருப்பேன், அதற்கு அவளிடம் ஏதாவது ஒரு கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டும். ஒரு வருத்தமும் இல்லாமல், தோழிக்கு உதவிய நிம்மதியோடு என் மகள் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பயமுறுத்தியது அந்த நிம்மதிதான்.

அந்த வாரம்தான் வெற்றி நாள். இந்த வருட ஃபிளெக்ஸில் எனக்குப் பின்னால் ஒரு டாங்கியும் சேர்ந்திருந்தது. மேடையில் முட்டை அட்டை மலை, வழக்கத்தைவிட உயரம். நிவேதா முதல் வரிசையில் மாணவர் தலைவிக்கான பட்டையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலி காலி. நான் எழுந்து, இத்தனை வருடம் யாரும் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன் என்றேன்.

மூடுபனி இறங்கிய ஒரு காலை. மேலே சாமான் இறக்கிவிட்டுத் திரும்பும்போது நம் வீரர் ஒருவரின் உடலைக் கொண்டுவரச் சொன்னார்கள். வழக்கமாக உடலைச் சேணத்தின்மேல் குறுக்கே கிடத்திக் கட்டுவோம். அந்தப் பாதையில் முடியாது. ஒரு பக்கம் பாறை சுவர் மாதிரி நெருக்கி நின்றது. தலையும் காலும் அதில் இடித்துக்கொண்டே வரும். ஆகவே கம்பளியில் சுற்றி, கூடாரக் கம்புகளை வைத்து, சாமியின் பக்கவாட்டில் நீளமாகக் கட்ட வேண்டியிருந்தது. ஒரு பக்கம் உடல் என்றால் மறுபக்கம் அதே எடை வேண்டும். நான் சாக்கில் கல் பொறுக்கத் தொடங்கினேன். நேகி சாப் என் கையைப் பிடித்தார்.

“கல் எதற்கு? அவன் இருக்கிறானே” என்றார்.

பாறைக்குப் பின்னால் எதிரிச் சிப்பாய் ஒருவன் கிடந்தான். முந்தைய நாளிலிருந்து கிடந்தான். எல்லோரும் அவனைத் தாண்டித்தான் போய் வந்துகொண்டிருந்தோம்.

இறந்தவரின் தோழர்கள் இரண்டு பேர் கூட இருந்தார்கள். ஒருவன் கொதித்துவிட்டான். “எங்கள் ஆளும் இவனும் ஒரே கழுதையிலா?” நேகி சாப் குரலை உயர்த்தவில்லை. “கழுதைக்கு எடைதான் தெரியும். வேறு ஏதாவது தெரிந்தவர்கள் தோளில் தூக்கிக்கொண்டு வரலாம்” என்றார். அவர்கள் பல நாள் சரியாகச் சாப்பிடாதவர்கள், காலில் நிற்கவே முடியாதவர்கள். யாரும் தோளைக் கொடுக்கவில்லை.

அவனுக்கும் அதே நிறக் கம்பளி, அதே முடிச்சு. நானும் இன்னொருவனும் இரண்டு பக்கமும் நின்று ஒரே மூச்சில் தூக்கி மாட்டினோம். நேகி சாப் கண்ணை மூடி இந்தப் பக்கம் கை கொடுத்தார், அந்தப் பக்கம் கை கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. சரியில்லை. எதிரி லேசாக இருந்தான். நம்மவரை விடவும் பட்டினி கிடந்திருப்பான் போலிருந்தது. சாமிக்கென்று வைத்திருந்த தண்ணீர் கேனை எடுத்து அவன் பக்கம் கட்டினேன். மறுபடி கை கொடுத்துப் பார்த்து, “பராபர்” என்றார்.

இறங்கும் வழி முழுவதும் நான் பின்னால் நடந்தேன். இரண்டு கம்பளிகளும் ஒன்றுபோல் ஆடிக்கொண்டு போயின. தண்ணீர் கேன் தொங்கிய பக்கம் எதிரி. அது இல்லாவிட்டால் எனக்கு எது யார் என்று தெரிந்திருக்காது. கீழே போனதும் பிரித்தார்கள். நம்மவருக்குக் கொடி, பெட்டி, விமானம், ஊரில் வாத்தியம். அவனுக்கு நம் ராணுவத்து மௌலவி ஒருவர் வந்து தொழுகை சொன்னார், பிறகு குழி. எடைக்காகத்தான் அவனைக் கொண்டுவரச் சொன்னீர்களா என்று நேகி சாப்பிடம் ஒருநாள் கேட்டேன். “பொதி கட்டும்போது பேசாதே, முடிச்சு தளரும்” என்றார். அவ்வளவுதான். அவர் மனதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“எனக்குத் தெரிந்த போர் இதுதான் பிள்ளைகளே. மலைமேல் யாரும் யாரையும் முதலில் முழங்கச் சொல்லவில்லை” என்று முடித்தேன்.

எதிரி வேடத்துப் பிள்ளைகள்கூடக் கொசு அடிப்பதை நிறுத்தியிருந்தார்கள். சொன்னது எட்டிவிட்டது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். தாளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். உண்மையாகவே அழுதிருந்தார். ஒலிவாங்கியை வாங்கி, “எதிரியோட பொணத்தக்கூட உடாமக் கட்டி இழுத்துட்டு வந்த வீரர் நம்ம அய்யா!” என்றார். இடி மாதிரி கைத்தட்டல். முட்டை அட்டை மலையிலிருந்து ஒரு பாறை கழன்று விழுந்தது.

முதல் வரிசையில் நிவேதா மட்டும் தட்டவில்லை.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தவள் வீட்டு வாசலில் இறங்கியதும் வெடித்தாள். “எம் மானமே போச்சு. உங்கப்பா கழுத மேய்ச்சாராடீன்னு கேக்கறாங்க. இத்தன வருசம் நான் மேடைல சொன்னதெல்லாம் என்னாவறது?”

“நான் எப்பவும் கழுதன்னுதான் சாமி சொன்னேன்.”

“வெளையாட்டுக்குச் சொல்றீங்கன்னு நெனச்சேன்!”

கவிதா உள்ளேயிருந்து, “அவுரு வெளையாட்டா ஒண்ணே ஒண்ணுதான் பண்ணுனாரு, உன்னைய அந்தப் பள்ளிக்கோடத்துல சேத்துனது” என்றாள்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கோப்பைகள் இருந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் பிடுங்க நினைத்ததைப் பிடுங்கிவிட்டேன், பதிலுக்குக் கொடுக்க என்னிடம் ஒரு கழுதைதான் இருந்தது. பெற்றவன் செய்கிற வேலையா இது என்று எனக்கே தோன்றியது.

மூன்றாம் நாள் காலை சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

“அந்தத் தண்ணி கேன் எதுக்குப்பா? கல்லு வெச்சிருக்கலாமே.”

“கல்லு பக்கத்துல இருந்தது. கை கேனுக்குத்தான் போச்சு. ஏன்னு தெரியல.”

“இத ஏன் எனக்கு முன்னாடியே சொல்லல?”

“ஆரும் கேக்கல சாமி. எத்தன பேரச் சுட்டீங்கன்னுதான் கேட்டாங்க.”

“நானுந்தான் கேட்டேன்” என்றாள். பிறகு, “நீங்க காதர் மாமா கடைக்குப் போறப்ப சொல்லுங்க, நானும் வாரேன்.”

அன்று சனிக்கிழமை. தைத்து முடித்த பெரிய தார்ப்பாயைக் காதர் பாய் கடை முன்னால் விரித்து மடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரித் தார்ப்பாயைத் தனி ஆளாக மடிக்க முடியாது. மறுமுனையைப் பிடிக்க வழக்கமாக ஷபானா வருவாள். நிவேதா வண்டியிலிருந்து இறங்கி, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். காதர் பாய் அவளை நிமிர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“அந்தத் தலப்பப் புடி சாமி” என்றார்.

பிடித்தாள். கனமான துணி, கை தாழ்ந்தது. உள்ளே திரைச்சீலை விலகியது. ஷபானா வாசற்படியில் வந்து நின்று பார்த்தாள்.

“தையல் பக்கம் மேல தெரியற மாதிரி புடிச்சிருக்க. திருப்பு” என்றாள். குரல் நன்றாகத்தான் இருந்தது.

நிவேதா திருப்பினாள். ஷபானா அப்பாவின் கையிலிருந்து முனையை வாங்கிக்கொண்டாள். இருவரும் விளிம்போடு விளிம்பு சேர்க்க நெருங்கி வந்தார்கள், விலகிப் போனார்கள், மறுபடி நெருங்கினார்கள். நானும் காதர் பாயும் வெட்டியாக நின்றோம். அவர் டீ சொன்னார்.

“திங்கக்கெழம கெமிஸ்ட்ரி டெஸ்ட்” என்றாள் நிவேதா, கடைசி மடிப்பில்.

“தெரியும்.”

“வருவியா?”

“நீ மேடையேறுவியா?”

“ஏறச் சொல்லுவாங்க.”

“அப்பப் பாக்கலாம்.” மடித்த தார்ப்பாயை நிவேதாவின் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை நான் ஆபீசில் எந்த லாரிக்கு என்ன பாரம் என்று இரண்டு முறை மாற்றிச் சொன்னேன். பதினொரு மணி வாக்கில் தாளாளர் அழைத்தார். டி.சி. பற்றித்தான் என்று நினைத்தேன்.

“ஏனுங்க சார், பாப்பாவுக்குக் குரல் கட்டிக்கிச்சாமுங்க! வீர நிமிசத்துக்குக் கூப்பிட்டா, பேச முடியாதுன்னு கைய ஆட்டுது. மேடைக்கே வரல. கடேசி வரிசைல அந்த பாய் வீட்டுப் புள்ளைகூட நின்னுக்கிச்சு. வேற ஒரு பையன உட்டு ஒப்பேத்துனோம், சுத்தமா எடுபடல. நல்லா கவனிச்சுக்குங்க சார், மாநிலப் போட்டி வருது. ஒரு அட்டை முட்டை குடுத்து உட்டிருக்கறேன். தெனமும் ஒண்ணு, மொளகு போட்டுப் பச்சையாக் குடிக்கச் சொல்லுங்க. பத்தே நாள்ல பழையபடி முழங்கும்.”

மாலை வீடு திரும்பியபோது முட்டை வந்து சேர்ந்திருந்தது. உள் அறையில் நிவேதா கெமிஸ்ட்ரி கேள்வி ஒன்றுக்காகத் தொலைபேசியில் யாரோடோ தொண்டை கிழியச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கவிதா சமையலறையிலிருந்து, “முட்டைய என்ன பண்றது?” என்றாள்.

“பொரியல் பண்ணு” என்றேன்.

இந்தப் பொய்யை எத்தனை நாள் இழுக்க முடியும் என்று தெரியவில்லை. தாளாளர் தினமும் விசாரிக்கிறார். பிள்ளைக்குக் குரல் சரியாகிவிடக் கூடாதே என்று கவலைப்படும் தகப்பன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.